முனாப் திருத்திய அரைமணித்தியாலம்

சாய்ந்தமருதில் போன் திருத்துகிறவர்கள் இன்றைக்கு ஒரு டசினுக்குக் குறையாமல் இருப்பார்கள். யுத்தம் முடிந்து ஒரு வருடமாகிறது. பாதைகள் திறந்துவிட்டன, கொழும்பிலிருந்து வாரத்துக்கு ஒரு புது மாதிரி வந்து இறங்குகிறது. பழைய போனைக் கண்டால் அநேகமான கடைக்காரர்கள் முகத்தைச் சுளிக்கிறார்கள். "இதுக்குச் சாமான் வாறதில்ல, புதிசொண்டு எடுங்க" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடி அலுமாரியைக் காட்டுவார்கள். முனாப் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. அவனைப் பற்றி எழுதவேண்டும் என்று எனக்கு நான்கு வருடமாக ஆசை. சோம்பல் விடவில்லை.

நான் ஆங்கிலம் படிப்பிக்கிற ஆசிரியன். பள்ளிக்கூடத்தில் எனக்குக் கோபக்காரன் என்று பெயர். இந்தக் கதையில் ஒரு கம்பனியோடும் கொஞ்சம் கோபப்பட்டிருக்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முனாப் பிறந்தது மருதமுனையில், தறி வைத்திருந்த குடும்பத்தில். படிப்பு சாதாரண தரத்தோடு நின்றுவிட்டது. கல்முனையில் ரேடியோ திருத்தும் கடையொன்றில் சேர்ந்து, ரேடியோவிலிருந்து டெலிவிஷனுக்கும் டெலிவிஷனிலிருந்து போனுக்கும் மாறினான். எங்கள் பக்கத்து வழக்கப்படி பெண்ணுக்கு வீடு கொடுப்பார்கள்; மாப்பிள்ளை தன் உடுப்புப் பெட்டியோடு வந்து சேருவார். முனாப் அப்னாவைக் கலியாணம் முடித்துச் சாய்ந்தமருதுக்கு வந்தபோது உடுப்புப் பெட்டி சின்னது, திருத்துவேலை ஆயுதப் பெட்டிதான் பெரிது. "மாப்பிள்ள வந்திருக்காரா, மேசன் வந்திருக்காரா?" என்று அவனுடைய மாமி கேட்டது எங்கள் தெருவில் கொஞ்சக் காலம் பகிடியாக ஓடியது.

அந்த வீடு கடலுக்குக் கிட்ட இருந்தது. கடையும் அங்கேதான். 2004 டிசம்பரில் கடல் ஊருக்குள் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை, குடும்பத்தோடு வரிப்பத்தான்சேனையில் ஒரு கலியாண வீட்டுக்குப் போயிருந்தார்கள். திரும்பி வந்து பார்த்தால் வீட்டின் கிணறு மட்டும் நின்றது. மாமியின் தங்கை வீட்டில் மூன்று பேர் மௌத்தாகிவிட்டார்கள். அதைப் பற்றி முனாப் கதைக்கமாட்டான். நானும் இங்கே அதை விரிக்கப் போவதில்லை.

ஊருக்கு மேற்கே, வயல் ஓரத்தில், தகரத்தாலும் பலகையாலும் எங்களுக்கு வரிசை வரிசையாகக் கொட்டில்கள் போட்டுத் தந்தார்கள். அறுபத்துநாலு குடும்பம். முனாபின் கொட்டிலுக்கும் என்னுடையதற்கும் நடுவில் ஒரே ஒரு தகரம். அவன் தும்மினால் என் மனைவி "யர்ஹமுகல்லாஹ்" சொல்லுவாள். அப்படி ஒரு அயல்.

அந்தத் தகரத்தின் மறுபக்கத்தில் ஒரு மேசையைப் போட்டு முனாப் மறுபடியும் தொழிலைத் தொடங்கினான். கடல் தண்ணீர் குடித்த போன்கள்தான் முதலில் வந்தன. சனம் தேடித் தேடி மண்ணுக்குள்ளிருந்து எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தது. பாதிக்குப் பாதி உயிர் வந்தது. மெதுவாக வெளியூர் ஆட்களும் வந்தார்கள். விநாயகபுரத்துப் பாக்கியராசா மீன்பிடிக்கப் போய்ப் போனைத் தண்ணீருக்குள் போடுவதைக் கிட்டத்தட்ட மாதாந்தக் கடமையாகவே வைத்திருந்தார். 2006இல் யுத்தம் திரும்பவும் தொடங்கிய பிறகு ஒருநாள், திருத்திய போன்களைப் பையில் போட்டுக்கொண்டு தெற்கே போன முனாபைச் சோதனைச் சாவடியில் இறக்கிவிட்டார்கள். ஒரு ஆளுக்குப் பதினெட்டு போன் எதற்கு என்று கேள்வி. இவன் ஒவ்வொன்றையும் எடுத்து, இது இன்னாருடையது, இதற்கு இன்ன வருத்தம் என்று பதினெட்டையும் சொல்லி முடித்தானாம். கேட்டுக்கொண்டிருந்தவர் களைத்துப்போய், தன்னுடைய போனையும் எடுத்து நீட்டினாராம்.

இனி பள்ளிவாசல் கதைக்கு வருகிறேன். கொட்டில்களுக்கு நடுவில் எங்களுக்கொரு தகரப் பள்ளி இருந்தது. மோதினார் மீராசா தொழுகைக்கு அழைத்துப் பாங்கு சொல்லுவார். குரல் கணீரென்று இருக்கும், கண் மட்டும் மங்கல். சுவரில் மாட்டிய மணிக்கூட்டில் முள் இருக்கிறதா இல்லையா என்பதே அவருக்கு நிச்சயமில்லை. இதைக் கண்டுதான் சுபைறா ராத்தா தன் போனைப் பள்ளிக்குக் கொடுத்தார்.

சுபைறா ராத்தா ஜித்தாவில் ஒரு வீட்டில் நாலு வருடம் வேலை செய்தவர். 2003இல் திரும்பி வரும்போது ஆசைப்பட்டு வாங்கிய போன் அது. மூடித் திறக்கிற வகை, சாம்பல் நிறம். நாட்டையும் ஊரையும் தெரிவுசெய்துவிட்டால் ஐந்து வேளைத் தொழுகைக்கும் தானாகவே நேரத்தைக் கணக்குப் பார்த்துப் பாங்கு சொல்லும். ஊர்ப் பட்டியலில் மட்டக்களப்பு இருந்தது. எங்களுக்கு அது போதும். "எனக்குக் கதைக்கிறதுக்கு மகன் வேறொண்டு தந்திருக்கான். இது பள்ளியில கிடக்கட்டும்" என்று சொல்லி மோதினாரின் சட்டைப் பையில் போட்டுவிட்டார். போன் பையில் பாங்கு சொல்லும். மோதினார் அதை அமத்திவிட்டு எழும்பித் தன் குரலில் சொல்லுவார். ஒரு வருடத்துக்கு மேலாக ஒரு நிமிடம் பிசகாமல் நடந்தது.

2006 சித்திரைப் புதுவருடம் முடிந்த கையோடு நாட்டின் நேரம் மாறியது. எல்லாரும் மணிக்கூட்டை அரைமணித்தியாலம் பின்னுக்கு வைத்தோம். மோதினாருக்குப் போனின் முகத்தில் நேரம் தெரியாது, அதனால் அவர் அதைத் தொடவில்லை. போன் பழைய நேரத்திலேயே ஓடியது. பாங்கு மட்டும் சரியான வேளைக்கு வந்துகொண்டிருந்தது. அது ஏன் என்று யாரும் யோசிக்கவில்லை. நானும்தான்.

நோன்புக்கு முதல்நாள் பள்ளி நிர்வாகி மக்கீன் ஹாஜியார் தற்செயலாகப் போனைத் திறந்து பார்த்துவிட்டார். நேராக முனாபின் மேசைக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன்.

"என்ன முனாப் இது? பள்ளிர போன் அரைமணித்தியாலம் கூடக் காட்டுது. ஆரும் பாத்தா வெக்கமில்லையா? நாளைக்குத் தலைநோம்பா இரிக்கும். இத ஒருக்காச் சரிபண்ணித் தா."

"அல்லாஹ், நான் கவனிக்கல்லையே ஹாஜியார். தாங்க இஞ்ச."

முனாப் போனைக் கழற்றித் தூசி தட்டி, புது பற்றரி போட்டு, நேரத்தை அரைமணித்தியாலம் பின்னுக்கு வைத்துக் கொடுத்தான். பள்ளிக்குச் செய்த வேலை என்று அவனுடைய முகத்தில் ஒரு சந்தோஷம். அன்றைக்கு மாலையில் பிறை கண்டார்கள்.

மறுநாள் விடியப்புறம் நான் சஹருக்கு எழும்பி, சோறும் எருமைத் தயிரும் வாழைப்பழமும் போட்டுப் பிசைந்து நிதானமாகச் சாப்பிட்டேன். பாங்கு கேட்கும் வரைக்கும் சாப்பிடுவது என் பழக்கம். என் மனைவிக்கு அது பிடிக்காது. கச்சான் காற்று மேற்கிலிருந்து இரைந்துகொண்டிருந்தது. அது அடிக்கிற காலத்தில் ஊருக்குள்ளிருந்து ஒரு பாங்கும் எங்கள் பக்கம் வராது. வயிறு முட்டிப் போய்க் கடைசி மிடறு தண்ணீரையும் குடித்த பிறகுதான் மோதினாரின் குரல் வந்தது. இன்றைக்கு நிறைய நேரம் கிடைத்ததே, தலைநோன்பின் பரக்கத் என்று நினைத்தேன்.

தகரத்துக்கு அப்பால் அப்னாவின் குரலும் கேட்டது. "இஞ்சேருங்க, பாங்கு பிந்திச் சொன்ன மாதிரிக் கிடக்கு."

"உன்ட மணிக்கூடு முந்தி ஓடுது, புள்ள. படு."

பகலில் ஆண்கள் வேலைக்குப் போய்விட்டோம்; பகல் பாங்குகளை ஒருவரும் கவனிக்கவில்லை. தலைநோன்பு என்றால் பின்னேரம் எல்லாரும் பள்ளியில்தான் கூடுவோம். பெண்கள் பக்கத்துக்கு ஒரு சீலை கட்டியிருந்தது. பெரிய சட்டியில் கஞ்சி, ஆளுக்கு ஒரு பேரீச்சம்பழம். வயலுக்கு அப்பால் சூரியன் இறங்கியது. இறங்கி முடிந்தது. எல்லாருடைய கையிலும் பேரீச்சம்பழம். மோதினார் அசையாமல் இருக்கிறார்.

மக்கீன் ஹாஜியார் கைமணிக்கூட்டைப் பார்த்தார். "மோதினார், பாங்கச் சொல்லுங்க. நேரம் போயிட்டு."

"போன் இன்னம் அடிக்கல்லையே ஹாஜியார்."

"சூரியன் போய்ப் படுத்திட்டு மோதினார். போனுக்குச் சொல்லிவிடுங்க!" என்றான் நூஹு. தோணிக்காரன், வாய் பெரிது. பள்ளி முழுக்கச் சிரிப்பு. சிரித்துக்கொண்டே நோன்பைத் திறந்தோம். பெண்கள் பக்கமும் சிரிப்புக் கேட்டது.

முனாப் மட்டும் சிரிக்கவில்லை. பேரீச்சம்பழத்தை ஓலைப்பாயில் வைத்துவிட்டு மோதினாரின் பையிலிருந்து போனை எடுத்தான். நான் பக்கத்தில் இருந்ததால் எனக்கும் தெரிந்தது. நேரம் ஆறு மணி மூன்று நிமிடம், சரி. தொழுகை நேரப் பட்டியலைத் திறந்தான். மஃரிப் ஆறு இருபத்தெட்டு என்று கிடந்தது.

போன் சூரியனைப் பார்ப்பதில்லை. நாட்டின் பழைய நேரத்தை வைத்துப் போட்ட கணக்கு அதற்குள்ளே இருந்தது. பழைய நேரத்துக்கு ஆறு இருபத்தெட்டுத்தான் சரி. முகத்தில் தெரிகிற நேரத்தை மட்டும் பின்னுக்கு இழுத்துவிட்டால், அது புதுநேரத்திலும் ஆறு இருபத்தெட்டு வரும்வரைக்கும் காத்துக்கொண்டுதான் இருக்கும். ஒவ்வொரு பாங்கும் அரைமணித்தியாலம் பிந்தும்.

எனக்கு அப்போது மஃரிப் மட்டும்தான் விளங்கியது. முனாபுக்கு விடியற்காலத்துச் சுபஹும் விளங்கிவிட்டது. மாலையில் பிந்தினால் பசி கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். காலையில் பிந்தினால் நோன்பே இல்லை. நாலு நாற்பதுக்கு வாயைக் கட்டவேண்டிய சனம் ஐந்து பத்து வரைக்கும் தின்றிருக்கிறது.

அது அந்த இடத்தில் அவன் ஒருவனுக்கு மட்டும்தான் தெரியும். மௌனமாக இருந்திருக்கலாம். போனை வாங்கி நேரத்தைத் திரும்பப் பழையபடி வைத்துவிட்டால் நாளைக்கு எல்லாம் சரியாகிவிடும். தெரியாமல் நடந்ததை அல்லாஹ் மன்னிப்பான் என்று மனதைத் தேற்றியிருக்கலாம். தகர மேசையில் அப்போதுதான் தொழில் எழும்பிக்கொண்டிருந்தது. இவனுடைய கையில் கொடுத்தால் பிழை வராது என்ற பெயர் ஒன்றுதான் அலையோடு போகாமல் அவனிடம் மிஞ்சிய சொத்து. அதுவும் மருதமுனையிலிருந்து வந்து மாமி வீட்டாரோடு இருக்கிற மாப்பிள்ளை.

மஃரிப் தொழுகை முடிந்து சலாம் கொடுத்தவுடன் முனாப் எழும்பி நின்றான்.

"ஒரு கத சொல்லணும். ஆரும் எழும்பாதீங்க. இண்டைக்குச் சுபஹ் பாங்கு அரமணித்தியாலம் பிந்தித்தான் சொன்ன. நாலு நாப்பதுக்குப் பிறகு திண்டாக்கள், குடிச்சாக்கள்ர நோம்பு பிழைச்சிட்டு. மோதினாரில பிழை இல்ல. போனுலயும் இல்ல. நேத்து நான்தான் நேரத்த மாத்தின. பிழ என்னில."

மக்கீன் ஹாஜியார் கேட்டுத்தான் மாற்றினேன் என்று அவன் சொல்லவில்லை. ஹாஜியார் தலையைக் குனிந்துகொண்டார். நானும் வாயைத் திறக்கவில்லை. கோபக்காரன் என்று பெயர் எடுத்து என்ன பிரயோசனம்?

எல்லாரும் ஒரே நேரத்தில் கதைக்கத் தொடங்கினார்கள். "தலைநோம்பு கா! தலைநோம்பையா பிழைக்கப் பண்ணின?" என்று சீலைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல். நூஹு எழும்பி, "இனி இவன்ட கையில ஆரும் போன் குடுக்கப்படா!" என்று கத்தினான். முனாபின் பேரீச்சம்பழம் பாயில் வைத்தபடியே கிடந்தது. நோன்பை அவன் தண்ணீரால் மட்டும்தான் திறந்திருந்தான்.

ஊரிலிருந்து மௌலவி வந்து கேட்டுவிட்டுச் சொன்னார்: தெரியாமல் நடந்தது, பாவமில்லை, நேரத்துக்குப் பிறகு சாப்பிட்டவர்கள் பெருநாள் கழிந்து ஒரு நோன்பைக் களாவாகப் பிடிக்கவேண்டும். எல்லாருடையதையும் தானே பிடிக்கலாமா என்று முனாப் கேட்டானாம். "உசிரோட இருக்கிறவங்கட நோம்ப இன்னொராள் பிடிக்க ஏலா, தம்பி" என்று மௌலவி சொல்லிவிட்டார். பணமாகவோ வேலையாகவோ தீர்க்கிற காரியமென்றால் அவன் தாங்கியிருப்பான். இதற்கு அவனிடம் ஒரு ஆயுதமும் இல்லை.

நாற்பத்தொரு பேர் களா என்று பெயர் கொடுத்தோம். என் தயிர்ச்சோறு முதலிடம்.

முனாப் போனைப் பழைய நேரத்துக்கே திருப்பி வைத்தான். முதுகில் ஒரு பிளாஸ்டர் துண்டை ஒட்டி, "நேரத்தைத் தொட வேண்டாம்" என்று பேனையால் எழுதினான். மறுநாளிலிருந்து பாங்கு சரியாக வந்தது. ஆனால் அவனுடைய மேசைக்கு ஒருவரும் வரவில்லை. ஒரு வாரம் அவன் வெறும் மேசையைத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருந்ததைத் தகர இடுக்கால் பார்த்தேன்.

ஒருநாள் என்னிடம் வந்தான். "சேர், இந்த நேரத்த உள்ளுக்க மாத்துறத்துக்கு ஒரு வழி இரிக்கும். கம்பனிர கேபிளும் ஒரு ரகசிய இலக்கமும் வேணும். கொழும்பு ஏஜென்டுக்கு அடிச்சன். புதுப் போனுக்கெல்லாம் இலங்கைர புதுநேரம் போட்டு வருதாம். இதுக்கு வராதாம். நீங்க இங்கிலீசில கம்பனிக்கு ஒரு கடிதம் எழுதித் தாங்க."

கடிதம் எழுதுவதென்றால் எனக்கு அல்வா. சூரியனிலிருந்து தொடங்கி, சுனாமியைத் தொட்டு, நாற்பத்தொரு நோன்பு வரைக்கும் இரண்டு பக்கம் எழுதினேன். முனாப் அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "சேர், இதில கோவம் கூட. இலக்கத்தக் கேக்க மறந்துட்டீங்க" என்றான். உண்மைதான், மறந்துவிட்டேன். மறுபடி எழுதினேன்.

பெருநாளுக்கு இரண்டு நாள் முன்பு பதில் வந்தது. நாலு வரி. அந்த மாதிரியின் ஆயுட்காலம் நிறைவடைந்துவிட்டது. இனி அதற்குச் சேவை வழங்கப்படமாட்டாது. உங்களுக்கு அருகிலுள்ள விற்பனை நிலையத்தில் எமது புதிய மாதிரிகளைப் பார்வையிடுங்கள். இலக்கத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

எனக்கு வந்த ஆத்திரத்தில் கடிதத்தைக் கிழிக்கப் பார்த்தேன். வாங்கி மூன்று வருடம். பற்றரி நிற்கிறது, மணி அடிக்கிறது, பாங்கு சொல்கிறது. ஆயுள் முடிந்தது என்று முடிவுசெய்ய இவர்கள் யார்? எங்களில் ஒருவன் இப்படி எழுதியிருந்தால் மௌலவி கூப்பிட்டுக் காதைத் திருகியிருப்பார்.

முனாப் கோபப்படவில்லை. கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான்.

"அஞ்சு வருசமா பத்து வருசமா எண்டு எனக்குச் சொல்லத் தெரியா சேர். கம்பனிக்காரனுக்கும் புதிசு செய்யிற வேலை இரிக்குதானே. விக்கக்குள்ளேயே சொல்லட்டும், இத்தின வருசம் பாத்துத் தருவன் எண்டு. அதுக்குப் பிறகு ஏலாட்டி உள்ளுக்குப் போற வழியத் தரட்டும், நாங்க பாத்துக்குவம். தானும் பாக்க மாட்டான், எங்களையும் பாக்க விடமாட்டான். அதான் அநியாயம்."

நான் இரண்டு பக்கத்தில் சொல்ல முடியாததை அவன் ஐந்தாறு வசனத்தில் சொல்லிவிட்டான். இதை ஏன் கடிதத்தில் போடவில்லை என்று எனக்கு என்மேலேயே எரிச்சல்.

கடிதம் வந்த செய்தி பரவியது. மக்கீன் ஹாஜியார் அஸர் தொழுகைக்குப் பிறகு எல்லாரையும் இருக்கச் சொன்னார். பெண்களும் சீலைக்குப் பின்னால் வந்திருந்தார்கள்.

"கம்பனியே கைவிட்ட சாமான். இத வச்சிக்கிட்டு இன்னொரு பிழை வந்தா அல்லாஹ்வுக்குப் பதில் சொல்ல ஏலா. புதுப் போனொண்டு நான் வாங்கித் தாறன். புதுநேரம் போட்டே வருதாம். இத சுபைறாட்டயே குடுத்திருவம்" என்றார். நல்ல மனிதர். தன் பங்குப் பிழையை இப்படித் தீர்க்கப் பார்த்தார் என்று நினைக்கிறேன். பலர் தலையாட்டினார்கள்.

முனாப் ஓரத்தில் இருந்தான். போன் போனால் அவனுடைய பெயரும் அத்தோடு போன மாதிரித்தான். முனாப் தொட்டதால் பள்ளிப் போன் வீட்டுக்குப் போயிற்று என்று ஊரில் நிலைத்துவிடும். அவனுக்கும் அது தெரிந்திருந்தது.

அப்போது சீலைக்குப் பின்னாலிருந்து சுபைறா ராத்தா கதைத்தார்.

"ஹாஜியார், நான் ஒண்டு கேக்கன். புதுப் போனும் ஒருநாளைக்குப் பிழை விடும்தானே? விட்டா ஆரு வந்து எங்களுக்குச் சொல்லுவா? கம்பனிக்காரன் இந்தப் பள்ளியில எழும்பி நிண்டு, பிழ என்னில எண்டு சொல்லுவானா? முனாப் சொன்னான். நான் அண்டைக்குக் கடைசியா ரெண்டு மிடறு பிளேன்டி குடிச்சன், என்ட தலைநோம்பும் போயிட்டு. அவன் வாயத் திறக்காட்டி, களா எண்டு ஒண்டு இரிக்கிறதும் தெரியாமயே நான் மௌத்தாயிருப்பன். எனக்கு இந்தப் போன் போதும். இதப் பாக்கிற ஆள் பக்கத்துக் கொட்டிலுக்க இரிக்கான்."

ஹாஜியார், "நேரத்த மாத்தச் சொன்னது நான்தான். அத நானும் அண்டைக்கே சொல்லியிருக்கணும்" என்றார். அதோடு கூட்டம் கலைந்தது. போன் மோதினாரின் பைக்கே போனது. ஹாஜியாரின் மேல் எனக்கிருந்த கோபமும் அத்தோடு போய்விட்டது. என்மேலிருந்தது போகவில்லை.

பெருநாள் கழிந்து, களாவை எல்லாரும் ஒரே நாளில் பிடிப்பது என்று முடிவாயிற்று. ஒரு வியாழக்கிழமை. அன்றைக்கு விடியப்புறம் முனாபும் எழும்பிச் சஹர் சாப்பிடுகிற சத்தம் தகரத்தால் கேட்டது. பகலில் அப்னா என் மனைவியிடம் சொன்னாளாம்: தலைநோன்பன்று அவர்கள் இரண்டு பேரும் நாலரைக்கு முன்பே சாப்பிட்டு முடித்துவிட்டார்கள், அப்னா வீட்டில் சட்டம் அப்படி. அவனுக்குக் களா இல்லை. அவனுடைய தலைநோன்பு முழுதாக இருந்தது. இத்தனை நாளாக அவனும் எங்களைப்போல நோன்பு போனவன் என்றல்லவா நினைத்திருந்தேன்.

பின்னேரம் பள்ளியில் கூடினோம். கச்சான் ஓய்ந்து மழைக்காலம் தொடங்கியிருந்தது. வானம் முழுக்க மேகம். சூரியன் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. கடைகளில் கொடுத்த நோன்பு நேர அட்டை பெருநாளோடு முடிந்திருந்தது. அன்றைக்குக் கஞ்சி முனாப் வீட்டுக் கஞ்சி. மாமியே நின்று காய்ச்சியிருந்தார். நாற்பத்தொரு பேரும் பேரீச்சம்பழத்தைக் கையில் எடுத்தோம்.

கிழக்கே, ஊருக்குள்ளிருந்து ஒரு பாங்கு மெல்லிசாகக் கேட்ட மாதிரி இருந்தது. மழை இரைச்சலாகவும் இருக்கலாம். நூஹு தலையைத் தூக்கிக் காது கொடுத்தான். மக்கீன் ஹாஜியார் கைமணிக்கூட்டைப் பார்க்க மணிக்கட்டைத் திருப்பினார். பிறகு என்ன நினைத்தாரோ, சட்டைக் கையை அதன்மேல் இழுத்துவிட்டுக்கொண்டார். ஒருவரும் பழத்தை வாய்க்குக் கொண்டுபோகவில்லை. எல்லாருடைய கண்ணும் மோதினாரின் சட்டைப் பையில் இருந்தது. முனாப் கண்ணை மூடியிருந்தான். அவனுடைய உதடு அசைந்துகொண்டிருந்தது.

போன் பாங்கு சொன்னது.

மோதினார் அதை அமத்திவிட்டு எழும்பினார். நாங்கள் "பிஸ்மில்லாஹ்" சொல்லி நோன்பைத் திறந்தோம். நூஹு தன் பழத்தைக் கடித்துக்கொண்டே, சட்டைக்குள்ளிருந்து ஒரு பொலித்தீன் பையை எடுத்து முனாபின் மடியில் வைத்தான். உள்ளே நூஹுவின் போன், கடல் தண்ணீர் குடித்து உப்புப் பூத்துப்போய்.

"ஒரு கிழமையா வச்சிருக்கன். வேற ஆருட்டயும் குடுக்க மனம் வரல்ல" என்றான்.

முனாப் பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பேரீச்சம்பழம் வாயில் இருக்க, சின்னப் பிள்ளை மாதிரி அழுதான்.